சாந்தி தியேட்டர்: 55 வருஷம் நாள்களை எண்ணிய மவுன்ட் ரோடு அரங்கின் கதை!

உங்களுக்குப் பிடிச்ச ஹீரோவோட படம் கடைசியா உங்க ஏரியா தியேட்டர்ல எத்தனை நாள் ஓடுச்சு? நல்லா யோசிச்சுப் பாருங்க. மூணு வாரம்? பிளாக்பஸ்டர்னா அஞ்சு வாரம்? அதுக்குள்ள ஓ.டி.டி-யில் வந்திருக்கும்.

சென்னை அண்ணா சாலையில் ஒரு தியேட்டர் இருந்தது. அங்கே 2005 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று 'சந்திரமுகி' ரிலீஸானது. 2007 ஜூன் மாதம் ரஜினியின் அடுத்த படமான 'சிவாஜி' வந்தபோதும், அந்தத் தியேட்டரில் 'சந்திரமுகி' போஸ்டர் இறங்கவில்லை. 880 நாள்களைத் தாண்டி, அந்த ஆண்டு செப்டம்பர் வரை ஓடியது.

அந்தத் தியேட்டர் பெயர் சாந்தி. இன்றைக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, தேவி தியேட்டரைத் தேடி நடந்தால் அதன் பக்கத்தில் சாந்தியும் இருக்க வேண்டும். ஆனால், இருக்காது. 2016 மே மாதம் கடைசிக் காட்சியோடு கதவை மூடினார்கள். பிறகு கட்டடத்தை இடித்து, அந்த இடத்தில் வணிக வளாகம் எழுப்பினார்கள்.

'தமிழ் சினிமாவின் ரெக்கார்டு ஓட்டம் நடந்த தியேட்டரையே ஏன் இடிச்சாங்க?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அதற்குப் பதில் தெரிய, 1961-லிருந்து வர வேண்டும்.

காமராஜர் திறந்து வைத்த அரங்கம்

சாந்தி வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே மவுன்ட் ரோட்டுக்கு சினிமா வந்துவிட்டது. 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இப்போது அங்கே தபால்தலை சேகரிப்பு மையம் இயங்குகிறது. அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். பிறகு எல்பின்ஸ்டன், வெலிங்டன், குளோப், பிளாசா, கேசினோ என்று வரிசையாக வந்தன. 'மவுன்ட் ரோட்டுக்குப் போறோம்' என்றாலே சினிமாவுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வரிசையில் 1961 ஜனவரி 12-ம் தேதி வந்து சேர்ந்ததுதான் சாந்தி. கட்டியவர் ஜி.உமாபதி. அதே சாலையில் ஆனந்த் தியேட்டரைக் கட்டியவரும் இவர்தான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' படத்தைத் தயாரித்ததும் இவரே. சாந்தியைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராஜர். முதலில் ஓடிய படம், நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடித்த 'தூய உள்ளம்'.

சுமார் 1,200 இருக்கைகள். இன்றைய மல்டிபிளக்ஸில் ஒரு ஸ்கிரீனுக்கு 200, 300 சீட்தான். அப்படிப் பார்த்தால் நாலைந்து ஸ்கிரீன் கூட்டம் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் விசிலடிப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதோடு ஏ.சி வசதியும் உண்டு. வீடுகளில் ஃபேன் இருந்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. மே மாத வெயிலில் மூணு மணி நேரம் குளுகுளுவென உட்காரவே டிக்கெட் எடுக்கலாம்.

பின்னாளில் தியேட்டர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் குடும்பத்தின் சொத்தானது. அதன் பிறகு சென்னையில் 'சாந்தி' என்றாலே சிவாஜி ஞாபகம்தான் வரும்.

வானத்தில் பறந்த பலூன்

சாந்தி திறந்து இரண்டு மாதத்தில், 1961 மார்ச் 16-ம் தேதி 'பாவமன்னிப்பு' ரிலீஸானது. பீம்சிங் இயக்கம், கண்ணதாசன் பாடல்கள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. இன்றைக்கு ஒரு படத்துக்கு விளம்பரம் என்றால் ரீல்ஸ், கவுன்ட்டவுன் போஸ்டர், ஆடியோ லான்ச். அன்றைக்கு ஏவி.எம். என்ன செய்தது தெரியுமா? ஜப்பானிலிருந்து ராட்சத பலூனை வரவழைத்து, சாந்தி தியேட்டருக்கு மேலே பறக்கவிட்டது. மவுன்ட் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தாலே படத்தின் பெயர் மனதில் பதிந்துவிடும். படம் வெள்ளிவிழா கொண்டாடியது.

வெள்ளிவிழா என்ற வார்த்தையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். 25 வாரம், அதாவது 175 நாள் ஓடினால் வெள்ளிவிழா. 100 நாள் ஓடினால் 'நூறாவது நாள்' போஸ்டர், கேடயம், விழா. 50 நாள் என்றால் 'பரவாயில்லை' ரகம். படத்தின் தரத்தை ஸ்டார் ரேட்டிங்கில் சொல்லாமல் நாள்கணக்கில் சொன்ன காலம் அது.

அவ்வளவு நாள் எப்படி ஓடியது? ஜனங்களுக்கு வேற வேலை இல்லையா? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்போது படம் என்பது ஃபிலிம் சுருள். ஒரு பிரின்ட் போடுவதற்கே செலவு அதிகம். அதனால் சென்னை முழுக்கவே மூணு, நாலு தியேட்டர்களில்தான் ஒரு படம் ரிலீஸாகும். சிவாஜி படம் என்றால் மவுன்ட் ரோட்டுக்கு சாந்தி, மின்ட் பக்கத்துக்கு கிரவுன், புரசைவாக்கத்துக்கு புவனேஸ்வரி. 'சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி' என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது அந்தக் கால ரசிகர்களுக்குப் பழக்கம். மைலாப்பூர்க்காரரும், சைதாப்பேட்டைக்காரரும், பல்லாவரத்துக்காரரும் அந்தப் படத்தைப் பார்க்க பஸ் பிடித்து மவுன்ட் ரோட்டுக்குத்தான் வர வேண்டும். ஊரே வந்து பார்த்து முடிக்க ஆறு மாதம் ஆகும். டிவி இல்லை, டிவிடி இல்லை. பிடித்த படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் மறுபடி டிக்கெட் எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

1965-ல் வந்த 'திருவிளையாடல்' அப்படித்தான் 25 வாரம் ஓடியது. 1979-ல் சிவாஜியின் 200-வது படமான 'திரிசூலம்' வந்தது. சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி மூன்றிலுமே வெள்ளிவிழா!

சொந்த தியேட்டர்... ஆனா இடம் இல்லை!

சாந்தியில் சிவாஜி படங்கள் மட்டும்தான் ஓடின என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ல் ராஜ் கபூரின் இந்திப் படமான 'சங்கம்' இங்கே வெளியானது. அது இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு கொந்தளிக்கத் தொடங்கியிருந்த நேரம். அப்படிப்பட்ட காலத்திலும் கூட்டம் குறையவே இல்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு சிவாஜியின் 100-வது படமான 'நவராத்திரி' தயாராக நின்றது. ஒன்பது வேடங்களில் சிவாஜி நடித்த படம். ஆனால், சாந்தியில் 'சங்கம்' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நூறாவது படத்தோடு நடிகர் திலகம் வேறு தியேட்டருக்குப் போக வேண்டியதாயிற்று.

அன்றைய தியேட்டர் தொழிலின் நியாயம் இதில் புரியும். ஓடுகிற படத்தை எடுக்க மாட்டார்கள். அது யார் படமாக இருந்தாலும் சரி.

1970-ல் பக்கத்திலேயே தேவி வளாகம் வந்தது. தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என நான்கு திரைகள். 1973-ல் தேவி பாரடைஸில் எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாகி வெள்ளிவிழா கண்டது. தேவி பாரடைஸில் சிவாஜி படங்களும் ஓடியிருக்கின்றன என்றாலும், அந்த மாதங்களில் மவுன்ட் ரோட்டின் அந்தத் துண்டு எப்படி இருந்திருக்கும்! கூப்பிடு தூரத்தில் இரண்டு ரசிகர் கூட்டம். இன்றைய ட்விட்டர் சண்டைகளுக்கெல்லாம் தாத்தா அது. ஒரே வித்தியாசம், அன்றைக்கு எதிராளியின் முகத்தை நேரில் பார்த்துக்கொண்டு சண்டை போட வேண்டும். படம் முடிந்ததும் இரண்டு தரப்பும் ஒரே பஸ் ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டும்.

ரசிகர்களின் ஹெட் ஆபீஸ்

சாந்தியை வெறும் தியேட்டர் என்று சொன்னால் சிவாஜி ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அதுதான் தலைமை அலுவலகம். டிக்கெட் எடுக்காமலேயே மாலை நேரத்தில் வந்து வாசலில் நிற்பவர்கள் உண்டு. எந்தப் படம் எந்த ஊரில் எத்தனையாவது நாள், எத்தனை காட்சி தொடர் ஹவுஸ்ஃபுல் என்ற புள்ளிவிவரமெல்லாம் அங்கேதான் அலசப்படும். தொடர் ஹவுஸ்ஃபுல் காட்சிகளை விரல்விட்டு எண்ணி, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் சீரியஸ்.

அக்டோபர் 1 சிவாஜியின் பிறந்தநாள். அன்றைக்கு சாந்தி வாசலில் பேனர், மாலை, இனிப்பு. 2001 ஜூலை 21-ம் தேதி சிவாஜி மறைந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பழைய படங்களை மறுவெளியீடு செய்தால் நரைத்த தலைகள் கூட்டமாக வந்து, 20 வயதுப் பையன்கள் மாதிரி ஆரவாரம் செய்துவிட்டுப் போவார்கள்.

எண்பதுகளில் சாந்தியின் பெருமை 'முதல் மரியாதை'. 1985-ல் பாரதிராஜா இயக்கத்தில் வந்த அந்தப் படத்தில் சிவாஜி வேறொரு நடிகராகத் தெரிந்தார். வசனம் குறைவு, அமைதி அதிகம். அந்த அமைதியும் இந்தப் பெரிய ஹாலில் வெள்ளிவிழா ஓடியது.

'சந்திரமுகி'யும் 880 நாள்களும்

2005-க்கு வருவோம். 'பாபா' சரியாகப் போகாததால், ரஜினிக்கு அடுத்த படம் ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. தயாரித்தது சிவாஜி புரொடக்‌ஷன்ஸ். சிவாஜியின் மகன்கள் ராம்குமாரும் பிரபுவும் பொறுப்பில் இருந்தார்கள். இயக்குநர் பி.வாசு. இதே கூட்டணியில் 1992-ல் 'மன்னன்' வந்திருந்தது. மலையாளத்தின் 'மணிச்சித்திரத்தாழ்', கன்னடத்தின் 'ஆப்தமித்ரா' வழியே வந்த கதை. ஜோதிகாவின் 'ரா ரா' ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீம் டெம்ப்ளேட்டாகவே பார்த்திருப்பீர்கள்.

படம் ஊரெல்லாம் ஹிட். ஆனால் சாந்தியில் மட்டும் 100, 175, 365 என்று நாள்கள் ஏறிக்கொண்டே போயின. அதற்கு முன்பு தமிழில் பெரிய சாதனையாகச் சொல்லப்பட்டது எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். 60 ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்த அந்தக் கணக்கை 'சந்திரமுகி' தாண்டியது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'ஹரிதாஸ்' ஓடியபோது அதைப் பார்க்க வேறு வழியே கிடையாது. 2006-ல் அப்படி இல்லை. திருட்டு டிவிடி எல்லா பிளாட்பாரத்திலும் கிடைத்தது. சாந்தியில் 'சந்திரமுகி' அத்தனை நாள் நின்றதற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. தயாரித்தவர்களே தியேட்டர் முதலாளிகள். தங்கள் படத்தைத் தங்கள் அரங்கில் எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பது அவர்கள் கையில்தான் இருந்தது. அப்பா நாள்கணக்கில் வாழ்ந்த அரங்கில், அந்தக் கணக்கிலேயே ஒரு சாதனையைப் பதிவு செய்துவிட்டார்கள். நாள்களை எண்ணும் பழக்கமே மறைந்துகொண்டிருந்தபோது வந்த சாதனை அது.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

ஏனென்றால், அதே ஆண்டுகளில்தான் ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்தது. பிரின்ட் செலவு இல்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் ரிலீஸ் செய்யலாம். சாந்திக்கு வர வேண்டிய பல்லாவரத்துக்காரருக்கு வீட்டுப் பக்கத்திலேயே படம் கிடைத்துவிட்டது. ஆறு மாதத்தில் வந்த கூட்டம், ஒரு வெள்ளி, சனி, ஞாயிறில் பல தியேட்டர்களுக்குப் பிரிந்து வந்து போனது.

1,200 சீட் ஹாலுக்கு இது பெரிய அடி. முதல் மூணு நாள் நிரம்பும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்கு 60 பேர் வந்தாலும் அதே ஏ.சி-யைப் போட வேண்டும், அதே கரன்ட் பில் கட்ட வேண்டும். மல்டிபிளக்ஸ் என்றால் ஓடாத படத்தைச் சின்ன ஸ்கிரீனுக்கு மாற்றிவிட்டு, ஓடுகிற படத்துக்குக் காட்சிகளைக் கூட்டிக்கொள்ளும். சாந்தியும் 'சாய் சாந்தி' என்று சிறிய திரை ஒன்றைச் சேர்த்துப் பார்த்தது. ஆனால் 2010-ல் பக்கத்திலேயே ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் எட்டு திரைகளோடு எஸ்கேப் வந்துவிட்டது. ஷாப்பிங், சாப்பாடு, பார்க்கிங், படம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். போதாததற்கு, மெட்ரோ பணிகளுக்காக அண்ணா சாலையில் போக்குவரத்தை மாற்றிவிட, காரில் வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருந்தது.

டிக்கெட் விலையை ஏற்றிச் சமாளிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. தமிழ்நாட்டில் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு உண்டு. சாந்தி மூடிய காலத்தில் மல்டிபிளக்ஸுக்கே அதிகபட்சம் 120 ரூபாய்தான். தனித் திரையரங்குகளுக்கு அதைவிடக் குறைவு. டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு இருந்தது, அண்ணா சாலையில் நிலத்தின் விலைக்கு இல்லை. பல மாடி அலுவலகம் கட்டக்கூடிய மனையில் நாலு காட்சி சினிமா ஓட்டுவது, கணக்குப் போட்டுப் பார்த்தால் வருஷா வருஷம் நஷ்டத்தைத்தான் காட்டும்.

இதில் சாந்தி தனி ஆளும் அல்ல. 1964-ல் 'கிளியோபாட்ரா'வோடு திறக்கப்பட்டு, ஒரே வளாகத்தில் மூன்று திரைகளைக் காட்டிய சஃபையர் தொண்ணூறுகளிலேயே மூடப்பட்டது. அதே வளாகத்தில் இருந்த புளூ டைமண்டில் காட்சிகள் இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஸ்ட்ரீமிங்! நியூ எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா வளாகம் நிற்கிறது. வெலிங்டனும் கெயிட்டியும் ஆனந்தும் இல்லை. அண்மையில் தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் அசோக் நகர் உதயமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இழந்தது என்ன?

படம் பார்க்க இடமில்லாமல் போய்விடவில்லை. நல்ல சவுண்ட், சாய்வு நாற்காலி, சுத்தமான டாய்லெட் எல்லாம் இப்போதுதான் அதிகம். சாந்தியை நினைத்துப் பழைய தியேட்டர்களின் எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. பிளாக் டிக்கெட்டும், கவுன்ட்டர் நெரிசலில் கிழிந்த சட்டையும் அந்தக் காலத்தில் சேர்ந்தே வந்தவைதான்.

ஆனால், ரசிகர்களுக்கு ஒரு முகவரி இருந்தது. அது போய்விட்டது. 2016-ல் சாந்தி மூடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், மெரினா கடற்கரைச் சாலையில் இருந்த சிவாஜி சிலை நீதிமன்ற உத்தரவுப்படி அகற்றப்பட்டு, அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. சிவாஜி ரசிகர்கள் மாலையோடு போய் நின்ற இரண்டு இடங்கள், ஒன்றரை வருஷத்துக்குள் இல்லாமல் போயின. அக்டோபர் 1 அன்று மணிமண்டபத்துக்குப் போகலாம்தான். ஆனால் டீ குடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் 'திரிசூலம்' எத்தனை ஷோ ஹவுஸ்ஃபுல் என்று சண்டை போடுவதற்கு மணிமண்டபம் சரிப்படாது.

இன்னொன்றும் இருக்கிறது. மவுன்ட் ரோட்டு ஹாலில் ஏ.சி டிக்கெட் எடுத்தவரும், முன்வரிசை டிக்கெட் எடுத்தவரும் ஒரே படத்தை, ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சீட் வேறு, சிரிப்பு ஒன்று. மாலில் இருக்கும் ஸ்கிரீனில் முன்வரிசைக்காரர் வருவதே குறைந்துவிட்டது. பார்க்கிங்குக்கும் பாப்கார்னுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அவரால் முடிவதில்லை.

சாந்தி... சுருக்கமாக

* 1961 ஜனவரி 12: காமராஜர் திறந்து வைக்கிறார். முதல் படம் 'தூய உள்ளம்'.
* 1961 மார்ச் 16: 'பாவமன்னிப்பு' ரிலீஸ். தியேட்டருக்கு மேலே ராட்சத பலூன்.
* 1964: 'சங்கம்' ஓட்டம். சிவாஜியின் 100-வது படம் வேறு தியேட்டரில்.
* 1965: 'திருவிளையாடல்', 25 வாரம்.
* 1979: சிவாஜியின் 200-வது படம் 'திரிசூலம்', வெள்ளிவிழா.
* 1985: 'முதல் மரியாதை'.
* 2005 ஏப்ரல் 14 - 2007 செப்டம்பர்: 'சந்திரமுகி', 880 நாள்களுக்கு மேல்.
* 2016 மே: கடைசிக் காட்சி.

இப்போது என்ன செய்யலாம்?

அண்ணா சாலைப் பக்கம் போனால் கேசினோ, தேவி, அண்ணா மூன்றும் இன்னும் இருக்கின்றன. 1941-ல் திறந்த கேசினோவுக்கு 80 வயதைத் தாண்டிவிட்டது. அடுத்த படத்துக்கு மாலுக்குப் பதில் அங்கே ஒரு டிக்கெட் போடுங்கள். பெரிய ஹாலில் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் சிரிப்பது எப்படி இருக்கும் என்று காதால் கேட்டுவிட்டு வாருங்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை. வீட்டில் 60 வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது சென்னையில் இருந்தவர்கள் என்றால், "சாந்தியில என்ன படம் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயரோடு சேர்த்து எந்த பஸ்ஸில் போனார்கள், யார்கூடப் போனார்கள், டிக்கெட் கிடைக்காமல் எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் வரும். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள், அது சீக்கிரம் முடியாது!